மைனஸ் 80 வரை ஓர் எட்டு

‘அனுமதி பெற்றவர்கள் மட்டும்’ என்று பலகை தொங்கும் கதவைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். இந்த முறை பலகைக்கு அந்தப் பக்கம் போகவே அனுமதி கிடைத்துவிட்டது! ஒரே நிபந்தனைதான்: ஊர், மருத்துவமனை, ஆட்கள் என்று எந்தப் பெயரும் வெளியே வரக் கூடாது. நியாயம்தான். இங்கே வருகிறவர்கள் கஞ்சாவிலிருந்து மீளப் பார்க்கும் பையன்கள். அவர்களுடைய ரத்தத்தில் மூளைக் காயத்தின் தடயம் ஏதாவது கசிந்திருக்கிறதா என்று உள்ளே தேடிக்கொண்டிருக்கிறார்கள். பெயர்கள் போக மற்றதெல்லாம் உங்களுக்கு உண்டு. செருப்பை அந்த மூலையில் விட்டுவிட்டு வாருங்கள்.

எனக்குக் கொடுத்த வெள்ளைக் கோட்டுக்குள் இரண்டு பேர் தாராளமாக நுழையலாம். பைக்குள் கைவிட்டால் யாரோ மறந்துபோன பேனா மூடியும் நைந்துபோன பஸ் டிக்கெட்டும். சினிமாவில் வரும் ஆய்வகம் மாதிரி நீல விளக்கும் பளபளப்பும் எதிர்பார்த்திருந்தேன். இருந்தது என்னவோ அட்டைப்பெட்டி அடுக்குகள், தெர்மோகோல் டப்பாக்கள், ஒரு கால் ஆடும் ஸ்டூல், நாள்காட்டியில் மார்க்கர் பேனாவால் வட்டமிட்ட தேதிகள். சாம்பிள் வைக்கும் ஃப்ரிட்ஜ் மேல் பெரிய எழுத்தில், ‘இதில் சாப்பாடு வைக்காதீர்கள்.’ அதற்குக் கீழே பென்சிலில் வேறொரு கை: ‘தயிர் சாதமும் சாப்பாடுதான்.’ யாருக்கான குத்தல் என்று கேட்டேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள்.

முதலில் ரத்தம் எடுக்கும் அறை. காலை எட்டு மணிக்கு முன்பே பெஞ்ச் நிறைந்துவிட்டது. கையெல்லாம் பச்சை குத்திய ஒரு பையன், இருபத்திரண்டு வயசு இருக்கலாம், ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்துச் சாய்கிறான். டெக்னீஷியன் அக்காவுக்கு இது தினப்படி. “பச்சை குத்தறப்ப வலிக்கலையா தம்பி? அந்தப் பக்கம் பாரு. ஃபேன்ல எத்தனை றெக்கைன்னு எண்ணு.” அவன் மூன்று எண்ணி முடிப்பதற்குள் டியூப் நிறைந்துவிட்டது. மஞ்சள் மூடி டியூப் ஒன்று, ஊதா மூடி ஒன்று. அவ்வளவுதான், பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவனே சிரித்துவிட்டான்.

ஆனால் ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி மழை உண்டு. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எந்த வயசில் ஆரம்பித்தாய், கடைசியாக எப்போது, புகையிலை கலந்தா கலக்காமலா, குடியும் உண்டா என்பதெல்லாம் நாம் ஊகிக்கிற கேள்விகள். ஊகிக்க முடியாதவையும் வரும். பைக்கிலிருந்து விழுந்திருக்கிறாயா? நேற்று ஜிம்முக்குப் போனாயா? ஃபுட்பால் ஆடுவாயா, பந்தைத் தலையால் முட்டுவாயா? பையன்கள் குழம்பிப் போகிறார்கள். ஒருவன் கேட்டேவிட்டான்: “சார், கஞ்சாவுக்குத்தானே வந்தேன், டீம் செலக்‌ஷனுக்கா?”

காரணம் இருக்கிறது. எஸ்100பி என்று ஒரு புரதம். மூளையில் நரம்பு செல்களுக்குப் பக்கத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் நிறைய உண்டு. அங்கே அடிபட்டால் ரத்தத்தில் கூடும். தலையில் லேசாக அடிபட்டு வருகிறவருக்கு சிடி ஸ்கேன் தேவையா என்று முடிவெடுக்க, ஸ்காண்டிநேவிய நாடுகளின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே இதைச் சேர்த்திருக்கிறார்கள். கேட்கப் பிரமாதமாக இருக்கிறதா? சிக்கல் என்னவென்றால் இதே புரதம் உடம்புக் கொழுப்பிலும் தோலின் நிறமிச் செல்களிலும் குருத்தெலும்பிலும் இருக்கிறது. வேர்க்க விறுவிறுக்க ஓடிவிட்டு வந்தாலே அளவு ஏறும். முந்தின நாள் ஜிம்மில் தண்டால் எடுத்தவனை மூளை அடிபட்டவன் என்று எழுதிவிட்டால்? அதனால்தான் அந்த விசாரணை.

அடுத்த அறையில் மருத்துவர். மேஜையில் பாதி குடித்த டீ, ஒரு மண்டையோடு மாதிரி, அதன் தலையில் யாரோ மாட்டிவிட்ட சர்ஜிக்கல் தொப்பி. “கஞ்சா பிடிக்கிற எல்லாரையும் இங்க சேர்க்கறதில்ல” என்கிறார். பிரச்சினையாகிவிட்டதா என்று பார்க்க 11 அறிகுறிகள் கொண்ட பட்டியல் இருக்கிறது. விட நினைத்தும் விட முடியாமை, ஏக்கம், முன்பு போதுமாக இருந்த அளவு போதாமல் போவது, வேலையும் படிப்பும் கெடுவது இப்படி. ஓராண்டுக்குள் இரண்டு இருந்தால் கோளாறு. ஆறோ அதற்கு மேலோ இருந்தால் தீவிரம். இந்தியாவில் 2019-இல் வெளியான அரசுக் கணக்கெடுப்பின்படி கஞ்சா வகைகளைப் பயன்படுத்துகிறவர்கள் ஏறக்குறைய 3.1 கோடிப் பேர். இதில் அரசே விற்க அனுமதிக்கும் பாங்கும் சேர்த்தி. அவர்களில் உதவி தேவைப்படும் நிலைக்குப் போய்விட்டவர்கள் சுமார் 72 லட்சம். இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த 72 லட்சத்தின் ஆட்கள்.

ஒப்புதல் படிவத்தை மருத்துவர் வாய்விட்டுப் படிக்கிறார். பச்சை குத்தின பையன் இரண்டே கேள்வி கேட்டான். “இது போலீசுக்குப் போகுமா?” போகாது. “என் மூளை செத்துப்போச்சான்னு தெரிஞ்சிடுமா?” தெரியாது. மருத்துவர் அதைச் சொன்ன வேகத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். இத்தனை ஆர்ப்பாட்டமும் பிறகு எதற்கு? கேட்க வாயெடுத்தேன். அதற்குள் டியூபுகள் கிளம்பிவிட்டன. நாமும் ஓட வேண்டியதுதான்.

ஓடி என்ன பயன், ரத்தம் உறைய அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்த அரை மணிதான் ஆய்வகத்தின் அரட்டை நேரம். உள்ளே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதால் எல்லோரும் வராந்தாவுக்கு வந்துவிடுகிறார்கள். பிளாஸ்க்கில் டீ, யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு. முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் ஆய்வு மாணவி தன் சோகக் கதையைச் சொல்கிறார். கஞ்சா பிடிக்கிறவர்களைப் பிடிப்பது சுலபமாம். ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதில், சிகரெட் உண்டு ஆனால் கஞ்சாவே தொடாத ஆட்கள் வேண்டும். புகையிலையின் பாதிப்பைத் தனியாகக் கழித்துப் பார்க்க அது தேவை. அதற்காக வாசல் டீக்கடையில் நின்று, புகைத்துக்கொண்டிருந்த பையன்களிடம் ஒவ்வொருவராகப் போய், “நீங்க கஞ்சா அடிப்பீங்களா?” என்று கேட்டிருக்கிறார். நான்காவது ஆளிடம் போவதற்குள் செக்யூரிட்டி வந்துவிட்டார். “என்னையே சந்தேகப்பட்டுட்டார் சார்! பொட்டலம் விக்க வந்தவன்னு நெனச்சிட்டார்!” அக்கா முறுக்கைக் கடித்தபடி சிரிக்கிறார். இதைக் கேட்டு நானும் தியாக உணர்வோடு சட்டைக் கையை மடித்தேன். மாணவி என் தலைமுடியைப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாக மறுத்துவிட்டார். அவர் அளக்கும் பொருட்களில் ஒன்று வயது ஏற ஏறத் தானாகவே ஏறுமாம். என்னைச் சேர்த்தால் கணக்கே கெட்டுவிடும்!

மணி அடிக்கிறது. உள்ளே போவோம். சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழலும் பெட்டியில் டியூபுகளை எதிரெதிரே சம எடையாக அடுக்க வேண்டும். எடை தப்பினால் பெட்டி மேஜை மேல் நடக்க ஆரம்பித்துவிடும் என்கிறார் அக்கா. முன்பு ஒருமுறை விளிம்பு வரை நடந்துபோனதாம். மூடி சாத்தியதும் ஊளைச் சத்தம். நின்றதும் பார்த்தால், கீழே சிவப்பு, நடுவில் ஜெல் தடுப்பு, மேலே தெளிந்த வைக்கோல் நிறத்தில் சீரம். எல்லோரும் ஒன்றாகக் குனிந்து அந்த நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். நானும் குனிந்தேன்.

“அய்யோ, பிங்க்!” என்றார் மாணவி. ஒரு டியூபில் மட்டும் சீரம் இளஞ்சிவப்பாக இருந்தது. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. அவர்கள் முகத்திலோ துக்கம். சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம்; ஊசி மெல்லியதாக இருந்தாலும், வேகமாக இழுத்தாலும், டியூபைக் குலுக்கினாலும் உடையும். அளக்கப்போகும் இன்னொரு புரதம் என்எஸ்இ. நரம்பு செல்களில் இருப்பது. மாரடைத்து இதயம் நின்று மீட்கப்பட்டவர்களின் மூளை எவ்வளவு தப்பியிருக்கிறது என்று கணிக்க மருத்துவர்கள் இதையும் பார்ப்பார்கள். வம்பு என்னவென்றால் என்எஸ்இ சிவப்பணுவிலும் இருக்கிறது. அணு உடைந்தால் அதுவும் சீரத்தில் கொட்டும். மூளையில் ஒரு கீறலும் இல்லாதவருக்கும் ‘காயம்’ என்று காட்டும். எனவே அந்த அழகான டியூப் நேராகச் சிவப்புப் பைக்குள் போனது. அவ்வளவு கேள்வி, அவ்வளவு பயம், ஃபேன் றெக்கை எண்ணியது எல்லாம் வீண். எந்தப் பையனுடையது என்று டியூபில் எழுதியிருக்காது, குறியீட்டு எண் மட்டும்தான். “திரும்பக் கூப்பிட்டா வருவானா?” என்று அக்கா தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். இன்னொரு டியூப் பால் மாதிரி கலங்கியிருந்தது. இதற்குக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஆய்வே வேண்டாம். வெறும் வயிற்றில் வரச் சொல்லியும் யாரோ பரோட்டா, சால்னாவோடு வந்திருக்கிறார்.

இனி தெளிந்த சீரத்தைச் சுண்டுவிரல் நுனி அளவுள்ள குப்பிகளில் பிரிப்பார்கள். ஏன் ஒரே குப்பியில் வைக்கக் கூடாது? ஒருமுறை உருகி மறுபடி உறைந்தாலே சில புரதங்கள் சிதைந்துவிடும். எனவே ஒரு குப்பி, ஒரு சோதனை. அடுத்து நான் ஆவலோடு காத்திருந்த இடம்: மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். அலமாரி உயரம், பீரோக் கதவு கனம். திறந்ததும் வெண்புகை தரையில் வழிகிறது. இரண்டு கையிலும் தடித்த உறை போட்டுக்கொண்டு, ஒரு அடுக்கை இழுத்து, டப்பாவைச் செருகி, கதவைச் சாத்துவதற்குள் அக்கா மூச்சையே விடவில்லை. கதவில் ஒட்டிய காகிதம்: ‘திறந்தா மூடு. தேடணும்னா முதல்ல நோட்டுல தேடு.’ மின்சாரம் போய் ஜெனரேட்டரும் மக்கர் பண்ணினால் அலாரம் போனில் அடிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு லுங்கியோடு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்த உதவியாளரின் வீரக்கதை இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அவரே சொல்லும்போது மட்டும் அதில் மழையும் சேர்ந்துகொள்கிறது.

மதியத்துக்கு மேல் நடப்பதுதான் கண்காட்சி. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. மாணவி பிப்பெட்டால் ஒவ்வொரு குழியாகச் சொட்டு விடுகிறார். இப்போது யாரும் பேசக் கூடாது. போன் கூடாது. என்னை மாதிரி ஆட்கள் மூச்சு வாங்கவும் கூடாது என்று நினைக்கிறேன். எந்தக் குழியில் விட்டோம் என்பது ஒரு நொடி மறந்தால் தட்டு முழுவதும் போச்சு. அவர் உதடு மட்டும் அசைகிறது, எண்ணுகிறாரா கும்பிடுகிறாரா தெரியவில்லை. கழுவு, ஊற்று, காத்திரு, மறுபடி கழுவு. பிறகு வந்தது அந்த நிமிடம்! நிறமில்லாத குழிகளில் நீலம் பூக்க ஆரம்பித்தது. சிலதில் அடர் நீலம், சிலதில் சாயல் மட்டும். அமிலத்தைச் சேர்த்ததும் அத்தனையும் ஒரே நொடியில் மஞ்சள். கைதட்டிவிட்டேன். முறைத்தார்கள்.

ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டு குழிகளில் விட்டிருந்தார். இரண்டும் ஒரே அளவு காட்ட வேண்டும். திரையில் ஒரு ஜோடி ஒத்துப்போகவில்லை. “நீ கை நடுங்கிட்ட” என்றார் அக்கா. “நீங்க கதவைச் சாத்தினீங்க” என்றார் மாணவி. தீர்ப்பு சொல்ல யாரும் இல்லை. அந்த ஜோடி நாளைக்கு மறுபடி.

எல்லாவற்றிலும் செல்லப்பிள்ளை என்எஃப்எல் என்கிற நியூரோஃபிலமென்ட் லைட். நரம்பு செல்லின் நீண்ட இழைக்குள் இருக்கும் சட்டகப் புரதம் இது. இழை உடைந்தால் துணுக்குகள் மூளையைச் சுற்றியிருக்கும் நீரில் கசிந்து, அதில் கொஞ்சத்திலும் கொஞ்சம் ரத்தத்துக்கு வந்து சேரும். இளைஞர் ஒருவரின் ரத்தத்தில் இது மில்லிலிட்டருக்குப் பத்து பிக்கோகிராமுக்குள்தான் இருக்கும். தூள் உப்பில் ஒரே ஒரு துகளை எடுத்து, தெருவுக்கு வரும் 6,000 லிட்டர் தண்ணி லாரியில் போட்டுக் கரைத்தால் என்ன உப்பு இருக்குமோ, அவ்வளவு! நீலம், மஞ்சள் எல்லாம் இங்கே பலிக்காது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டேவிட் வால்ட் குழுவினர் 2010-இல் வெளியிட்ட உத்தியில் இயங்கும் இயந்திரம் வேண்டும். புரதத்தைக் கவ்வும் நுண்மணிகளை, ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு மட்டும் இடம் தரும் இரண்டு லட்சத்துச் சொச்சம் குழிகளில் உட்காரவைத்து, எத்தனை குழி ஒளிர்கிறது என்று எண்ணிவிடுகிறது அது. வெளியே இருந்து பார்த்தால் ஜெராக்ஸ் மிஷின்தான். அதன் தலையில் குங்குமப் பொட்டு, ஆயுத பூஜையின் மிச்சம்.

ஸ்வீடனில் அமெச்சூர் குத்துச்சண்டை வீரர்களின் முதுகுத்தண்டு நீரில் இந்தப் புரதம் சண்டைக்குப் பிறகு ஏறியிருந்ததை 2006-இல் வெளியிட்டார்கள். அங்கே கணக்கு சுலபம்: குத்து விழுந்தது, இழை உடைந்தது. கஞ்சாவில் குத்து எங்கே விழுகிறது? அதன் டிஎச்சி மூலக்கூறு போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியில் அடர்ந்திருக்கின்றன. அதனால் மறதியும் மந்தமும் வருவதில் வியப்பில்லை. ஆனால் செல் மந்தமாக வேலை செய்வது வேறு, செல் உடைவது வேறு. உடைந்தால்தான் ரத்தத்தில் துணுக்கு வரும்.

இதை விளக்கும்போதுதான் மருத்துவர், நான் காலையில் கேட்க நினைத்ததற்கு வந்தார். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 பேரைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து வருகிறார்கள். பதின்வயதில் கஞ்சாவில் விழுந்து விடாமல் தொடர்ந்தவர்களுக்கு 38 வயதுக்குள் அறிவுத்திறன் மதிப்பெண் எட்டுப் புள்ளிகள் வரை குறைந்திருந்ததாக 2012-இல் அறிவித்தார்கள். உலகமே பதறியது. அடுத்த ஆண்டே, குடும்ப வசதி, பள்ளிச் சூழல் இதற்குக் காரணமாக இருக்கலாமே என்று மறுப்பு வந்தது. 2016-இல் அமெரிக்க இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வில், கஞ்சா பிடித்த இரட்டையருக்கும் பிடிக்காத இரட்டையருக்கும் சரிவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. “இப்ப புரியுதா, ஏன் பைக்ல விழுந்தியான்னு கேக்கறோம்னு? குடி, சிகரெட், தூக்கமின்மை, தலையில அடி எல்லாம் இந்தப் பையன்கள்ட்ட ஒண்ணா வருது. எதுக்கு எது காரணம்னு பிரிக்காம ஒரு எண்ணைக் கையில வச்சுக்கிட்டு நான் யாரைப் பயமுறுத்த?”

பயமுறுத்தச் சொல்லி ஒருவர் வெளியே காத்திருந்தார். பச்சை குத்தின பையனின் அம்மா. மடியில் சாப்பாட்டுக் கூடை. “மேடம், மூளை கெட்டுப்போச்சுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்களேன். பயந்துகிட்டாவது விட்டுடுவான்.” மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “அப்படி ரிப்போர்ட் இல்லம்மா. இருந்தாலும் குடுக்க மாட்டேன். நல்ல எண் வந்துட்டா? மூளை நல்லாத்தான் இருக்குன்னு இன்னும் நாலு பொட்டலம் வாங்குவான்.” அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்து.

பிறகு நடைமுறைப் பேச்சு. விட்ட ஓரிரு நாளில் எரிச்சல் வரும், தூக்கம் வராது, வந்தாலும் கெட்ட கனவு, சாப்பாடு இறங்காது. முதல் வாரம்தான் உச்சம். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். அந்த நாட்களில் வீட்டில் சண்டை வேண்டாம். இதற்கென்று அங்கீகரித்த மாத்திரை எதுவும் கிடையாது. பேசிப் பேசித்தான் கொண்டுவர வேண்டும். வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னார். மாணவி ஓடிவந்து பையனிடம் கெஞ்சினார்: “வியாழக்கிழமை இன்னொரு டியூப் குடுப்பீங்களா, ப்ளீஸ்?” அவன் ஃபேனைப் பார்த்தான். சரி என்று தலையாட்டினான்.

‘போதை மூளையைத் தின்றதா? ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடிக்கலாம்’ என்று எங்காவது விளம்பரம் பார்த்தால் பணத்தைக் கொட்டாதீர்கள். கஞ்சா ஒருவரின் மூளையை என்ன செய்தது என்று தனி ஆளுக்குச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்றைக்கு இல்லை. வீட்டில் யாருக்காவது உதவி தேவைப்பட்டால் போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல உதவிக்கான டெலி-மானஸ் 14416. இரண்டுக்கும் ஊசி கிடையாது.